மெட்டியும் பூட்ஸும்

மலையேற்றக் குழுக்கள் பயணத்துக்கு முந்தின வாரம் ஒரு பட்டியல் அனுப்பும். எனக்கு இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பிடிமானமுள்ள ஷூ, டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: 'பெண்கள் கண்ணியமான உடை அணிந்து வரவும்.'

முதல் ஐந்துக்கும் காரணம் கேட்டால் மலை பதில் சொல்லும். பாறை வழுக்கும், இருட்டும், நா வறளும், மழை வரும், அட்டை கடிக்கும். ஆறாவதற்கு மலையிடம் பதில் இல்லை. கண்ணியமான உடை எந்தச் சரிவில் யாருடைய காலைக் காப்பாற்றும்? கூட வருகிற ஆண்களின் கண்ணுக்குக் கடிவாளம் போடும் பொறுப்பை நம் முதுகுப்பைக்குள் திணிக்கிற வரி அது. ஆண்களுக்கென்று தனி வரி எதுவும் கிடையாது. 'ஆண்கள் முறைக்காமல் வரவும்' என்று எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அருவியில் நிற்கிற தொப்பைகளின் கண்ணியம் பற்றி எந்தக் குழுவும் கவலைப்பட்டதில்லை.

பெண் மலைக்கு என்ன உடுத்திப் போவது என்ற கேள்விக்கு வீடு பதில் சொல்லியிருக்கிறது, குழு சொல்லியிருக்கிறது, இப்போது கடையும் சொல்கிறது. மூவரும் அவளைப் பார்க்கிறவர்களின் பக்கத்தில் நின்றுதான் சொல்கிறார்கள். ஏறுகிறவளின் பாதத்திடமும் இடுப்பிடமும் யாரும் கேட்கவில்லை. நாமாவது கேட்போம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. மலையேறுவதை ஒரு விளையாட்டாக வளர்த்தெடுத்த ஐரோப்பாவில், 1867இல் ஃபெலிசிதே கரேல் என்ற இத்தாலியப் பெண் மேட்டர்ஹார்ன் உச்சிக்குச் சில நூறு அடி கீழேவரை போய்த் திரும்பினார். அவருடைய அகலப் பாவாடையில் காற்று புகுந்து உப்பியதுதான் காரணம் என்று மலையேற்ற வரலாறு சொல்கிறது. திரும்பிய இடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் வைக்க மனமிருந்தது, கால்சட்டை கொடுக்க மனமில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1871இல், லூசி வாக்கர் அதே மலையின் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணானார். அவரும் பாவாடையோடுதான் ஏறினார். எலிசபெத் லெ ப்ளாண்ட் இன்னொரு வழி கண்டுபிடித்தார். ஊருக்குள் பாவாடை, ஊர் மறைந்ததும் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருக்கும் அரைக்கால்சட்டையோடு ஏறுவது, இறங்கி வரும்போது மறுபடி பாவாடை. ஒருமுறை பாவாடையை உச்சியிலேயே விட்டுவிட்டு இறங்கியவர், அதை எடுக்கத் திரும்பவும் ஏற வேண்டி வந்தது என்று ஒரு கதை அவரைப் பற்றி வழங்குகிறது. 1907இல் பெண்களுக்கென்று ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கம் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்தவர் அவர். அவருக்கே கதி அதுதான். 1895இல் அமெரிக்காவின் ஆனி பெக் கால்சட்டையோடு மேட்டர்ஹார்ன் ஏறியபோது, பத்திரிகைகளுக்கு அவர் ஏறிய உயரத்தைவிட அவர் போட்டிருந்த கால்சட்டைதான் செய்தியானது.

சுடிதாரில் கிளம்பி பஸ் நிலையக் கழிப்பறையில் டிராக் பேண்டுக்கு மாறுகிற மாணவிகள் எனக்குத் தெரியும். திரும்பும்போது அதே கழிப்பறையில் மறுபடி சுடிதார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் லெ ப்ளாண்டின் பாவாடை இன்னும் நம் பையில்தான் இருக்கிறது.

உடைக்கு முன்னால் அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரியில் மாதவிடாய் வயதுப் பெண்களை வழக்கத்தின் பெயரால் இன்றும் ஏற விடுவதில்லை. கேரளப் பக்கத்திலிருந்து ஏறும் அகத்தியர் மலைக்குப் பெண்கள் போக 2018இன் இறுதியில் உயர் நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான், 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் முறையான அனுமதியோடு அங்கே ஏறினார். மலையின் உயரம் 1,868 மீட்டர். அதை ஏறுவதைவிட நீதிமன்றப் படி ஏறுவதுதான் நீளமான பயணமாக இருந்தது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் குழுக்களில் பெண்கள் நிறைய பேர். அடுத்த பல வாரங்களுக்கு என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, 'பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை?' தீக்காலத்தில் அந்தத் தடத்தில் ஆட்களை யார் ஏற்றினார்கள், அனுமதி முறையாக இருந்ததா, தப்பிக்கும் வழி தெரிந்த வழிகாட்டி எத்தனை பேர் என்பவைதான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அதே தீயில் ஆண்களும் செத்தார்கள். 'ஆம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை' என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. 2024இல் தமிழக அரசு 40 மலைத் தடங்களை முறையான பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்ததை இந்தக் காரணத்துக்காகவே வரவேற்கிறேன். வாசல் திறந்தாயிற்று. இனி, காலில் என்ன போட்டுக்கொண்டு போவது?

கடைக்குப் போவோம். பெரிய விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஆண்களுக்கான மலையேற்ற ஷூக்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. பெண்களுக்கு ஓரத்தில் இரண்டு தட்டு. 'லேடீஸ்ல இவ்ளோதான் மேடம், மூவிங் கம்மி' என்றார் விற்பனையாளர். ஓடாது என்பதால் வைப்பதில்லை, வைக்காததால் ஓடுவதில்லை. அந்த இரண்டு தட்டிலும் இருந்தவை ரோஜா நிறம், ஊதா, மயில்கழுத்து நிறம். காட்டுக்குள் பளிச்சென்ற நிறம் வேண்டாம், மண்ணோடும் இலையோடும் சேர்ந்து போகிற நிறத்தில் உடுத்துங்கள் என்று வனத்துறை சொல்கிறது. காட்டுக்கு ஆகாத நிறத்தைத்தான் பெண் நிறம் என்று கடை விற்கிறது.

நிறத்தைக்கூட மன்னிக்கலாம். அச்சை மன்னிக்க முடியாது. ஷூவை ஒரு கால் அச்சின்மேல் வைத்துத்தான் தைப்பார்கள். ஆண் பாதத்தின் அச்சை அப்படியே சுருக்கிப் பெண் ஷூ செய்வது வெகுகாலமாக நடந்துவருகிற சோம்பேறித்தனம். பெண் பாதம் ஆண் பாதத்தின் சிறிய நகல் அல்ல, வளைவும் விரல் பகுதியும் வேறு விகிதத்தில் அமைந்தவை என்று 2001இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டிவிட்டது. பொதுவாக நமக்குக் குதிகால் ஒடுங்கியும் முன்பாதம் அதோடு ஒப்பிட்டால் அகன்றும் இருக்கும். போதாததற்கு நாம் வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் வளர்ந்தவர்கள். வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். சுருக்கிய அச்சில் அந்தக் காலை நுழைத்தால் விரல் நசுங்கும், குதிகால் உள்ளே ஏறி இறங்கும். ஏறும்போது குதிகாலில் கொப்புளம். இறங்கும்போது பெருவிரல் முன்னால் மோதி நகம் கறுத்துப்போகும். அதற்குப் பிறகு, 'பொண்ணுங்களால இறங்க முடியல பாருங்க' என்று கீழே ஒருவன் சிரிப்பான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. வெளிநாட்டு மலையேற்றக் கையேடு எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. மெட்டி. நம் ஊரில் கல்யாணமான பெண்ணின் இரண்டாவது விரலில் ஒரு வெள்ளி வளையம் இருக்கிறது. பூட்ஸின் முனைக்குள் அது பக்கத்து விரலை அறுக்கும். மழையில் கால் ஊறிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். கால் வீங்கிவிட்டால் மெட்டி கழலாது, விரல் நீலம் பாயும். கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் எத்தனை குரல்கள்! மாமியார் கேட்பார், கணவன் முகம் சுருங்கும், நல்ல நாளும் அதுவுமாக என்று அம்மாவே இழுப்பார். கூட வருகிற கணவன் தன் விரலில் ஒன்றும் இல்லாமல் மூன்றடி முன்னால் சௌகரியமாக நடப்பான். கல்யாணம் இரண்டு பேருக்கும்தானே நடந்தது? கொப்புளம் மட்டும் ஏன் ஒருத்திக்கு? மலைக்கு முதல் நாள் சோப்பு நுரை போட்டுக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். கொலுசையும் அதே டப்பாவில் போடலாம். பூட்ஸின் மேல் விளிம்புக்கும் கணுக்கால் எலும்புக்கும் நடுவே கொலுசு செய்கிற வேலையைப் பட்டவர்களுக்குத் தெரியும்.

தாலிச் சங்கிலி இதே கதையின் மேல்மாடி. முதுகுப்பையின் தோள்பட்டைகளை முன்னால் இணைக்க ஒரு மார்புப் பட்டை இருக்கும். அது சரியாகச் சங்கிலியின் மேல்தான் உட்காரும். ஐந்து மணி நேரம் வியர்வையோடு சேர்ந்து அந்த உலோகம் நெஞ்செலும்பில் அரைக்கும். உள்ளாடைப் பட்டையின் கொக்கியும் அப்படித்தான், பையின் தோள்பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு சதைக்குள் பதியும். அகலப் பட்டையுள்ள, கொக்கியில்லாத ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று முதலில் வாங்குங்கள். இதையெல்லாம் வெளியே பேசுவதா என்று கூச்சப்பட்டுத்தான் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளாமல் விட்டோம். தொடை உரசிப் புண்ணாவதைப் பற்றி எந்தக் குழுத் தலைவரும் பட்டியலில் எழுதப்போவதில்லை. நான் எழுதுகிறேன்: உள்தொடையில் வாசலின் தடவுங்கள், இடைத் தையல் உறுத்தாத, தொடைவரை வரும் உள்ளாடை போடுங்கள். நீளப் பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டி ஒவ்வொரு அடியிலும் இழுக்கும். மல்லிகைச் சரமும் வாசனைத் தெளிப்பானும் வீட்டிலேயே இருக்கட்டும், தேனீக்களின் காட்டுக்குப் போகிறோம்.

பை விஷயத்தில் நமக்கு நடக்கிற அநியாயம் பலருக்குத் தெரிவதே இல்லை. நல்ல முதுகுப்பை தோளில் தொங்காது, இடுப்பில் உட்காரும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி ஒரு தடித்த பட்டை கட்டி, எடையின் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிடுவதுதான் அதன் சூத்திரம். தோள்பட்டை பையைப் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். குடத்தை இடுப்பில் ஏற்றிக் கரடுமுரடான வரப்பில் நடந்த பாட்டிகளின் பேத்திகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என்ன, பாட்டிக்கு ஒரு பக்க இடுப்பு மட்டும் தேய்ந்தது, பட்டை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும்.

ஆனால் பை எங்கே இடுப்பில் உட்காரும் என்பது நம் உயரத்தைப் பொறுத்தது இல்லை, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேர்கோடுவரை அளக்க வேண்டும். தையல்காரரின் நாடாவால் தோழி ஒருத்தி அளந்துவிடலாம். பெண்களில் பலருக்கு இந்த அளவு ஆண்களைவிடக் குறைவு. ஆண் அளவில் செய்த பையை மாட்டினால் இடுப்புப் பட்டை பிட்டத்தில் தொங்கும், முழுப் பாரமும் தோளுக்கு ஏறும், தோள்பட்டைகள் அகலமாக இருந்து மார்பின் ஓரத்தை அழுத்தும். இரவு தோள் எரியும். அவள் உடம்பில் பலம் போதவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பலத்துக்கு என்ன குறை? பையைத்தான் அவளுக்காகத் தைக்கவில்லை. முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள பைகளும், தோள்பட்டை வளைந்து இடுப்புப் பட்டை சரிந்து அமைந்த பெண் பைகளும் இப்போது கிடைக்கின்றன. குட்டை முதுகுள்ள ஆண்களுக்கும் அவை பொருந்தும். வெட்கப்பட்டு வாங்க மாட்டேன் என்பார்கள். அது அவர்கள் பாடு.

ஒரு நாள் ஏற்றத்துக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரவு தங்குவதென்றால் ஐந்தில் ஒரு பங்கும் தாண்டாமல் சுமப்பது பொதுவான கணக்கு. 50 கிலோ பெண்ணுக்கு 5 கிலோ, 10 கிலோ. அந்தக் கணக்கில் மற்றவர்களின் சாமானைச் சேர்க்காதீர்கள். எல்லாருக்குமான சப்பாத்தியும் ஊறுகாயும் முதலுதவி டப்பாவும் யார் பையில் இருக்கின்றன என்று அடுத்தமுறை எண்ணிப் பாருங்கள். சமையலறையைக் கழற்றி வைக்க டப்பா கிடைக்கவில்லை போல.

துணிக்கு வருகிறேன். பருத்தியின் மேல் நமக்கு இருக்கிற பிரியம் எனக்கும் உண்டு. சமவெளி வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஜவ்வாது மலையில் வறண்ட மாசி மாதத்தில் காலையில் ஏறி மதியம் இறங்குவதென்றாலும் பருத்தியே போதும். ஆனால் கொழுக்குமலை மாதிரி உயரத்தில், மேகம் உடம்பில் மோதுகிற இடத்தில், பருத்தி காலை வாரும். வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நின்ற மாத்திரத்தில் காற்றடித்தால் நனைந்த முதுகு விறைக்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம், நனைந்தால் இரட்டை எடை, முட்டி மடங்காது. மெல்லிய லெக்கின்ஸை உண்ணிச்செடி முள் கிழிக்கும், அட்டை அதன் இழை வழியாகவே வாய் வைத்துவிடும். சீக்கிரம் காய்கிற செயற்கை இழை மேல்சட்டை ஒன்று, தளர்வான கால்சட்டை ஒன்று, காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு ஒன்று போதும். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை ஒன்றையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைத் துணி நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும், அடுப்பு பற்ற வைக்கும் பக்கம் போகும்போது அந்த நினைப்பு இருக்கட்டும். விலை அதிகமுள்ள பெயர்கள் தேவையில்லை. கால்பந்து ஆடுகிற தம்பியின் ஜெர்சி அதே வேலையைச் செய்யும்.

துப்பட்டா? தோளில் பாரமும் புதரில் சிக்கலும். குளிரில் காதைக் கட்டவும், அடிபட்டால் கையைத் தொட்டில் கட்டவும் பைக்குள் இருந்தால் உபயோகமான துணிதான். மார்பின் மேல் கிடப்பதற்கென்றால் வேண்டாம்.

பாக்கெட்டும் வேண்டும். அமெரிக்க இணைய இதழான தி புட்டிங் 2018இல் இருபது நிறுவனங்களின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. நம் சுடிதாருக்கு அந்த மீதி பாதியும் இல்லை. 'அண்ணே, ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சுக் குடுங்க' என்றால் எங்கள் தெருத் தையல்காரர், 'உப்பிக்கிட்டு நிக்கும்மா, ஷேப்பு போயிடும்' என்பார். உப்பட்டும் அண்ணே, போன் வைக்கணும், விசில் வைக்கணும், கடலைமிட்டாய் வைக்கணும். மூன்றுமுறை சொன்ன பிறகு வைத்தார். இப்போது அவரே மற்ற பெண்களிடம் பாக்கெட் வேண்டுமா என்று கேட்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, புடவை கட்டியவள் மலைக்கு லாயக்கில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொலிவியாவின் ஐமாரா பெண்கள், ஆண் மலையேறிகளுக்குச் சமைத்துப் போட்டும் சுமை தூக்கியும் வந்தவர்கள், தங்கள் அகலப் பாவாடையோடேயே பனிமலை ஏறத் தொடங்கினார்கள். 2019இல் 6,900 மீட்டருக்கும் அதிகமான அகொன்காகுவா உச்சியில் நின்றார்கள். கரேலைத் திருப்பிய பாவாடைதானே அது? ஒரே துணிதான். கரேலுக்கு அது விதி. இவர்களுக்கு அது 'எங்களைப் பார்' என்று தாங்களே எடுத்த முடிவு. காலில் மட்டும் பனியில் குத்தி நிற்கும் முள்பூட்டிய பூட்ஸைப் போட்டுக்கொண்டார்கள். கணுக்கால் அளவு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைவிட வேகமாக ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூட்ஸ் பற்றி மட்டும் சமரசம் வேண்டாம்.

அவர்கள் வால்பாறையில் கொழுந்து பறிப்பவர்கள். புடவைக்கு மேல் வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றித் தேயிலைக் குச்சி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, தலையில் துணி, துணியில் முடிந்த உப்பு. எந்த நிறுவனமும் வடிவமைக்காத, அவர்களே தங்கள் உடம்பிடம் கேட்டுத் தைத்துக்கொண்ட மலை உடை அது. 'ஏங்க்கா ஆம்பளைச் சட்டை?' என்று ஒருவரிடம் கேட்டேன். 'இதுலதான பாக்கெட் இருக்கு' என்றார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. மலைக்குப் பூட்ஸ் தேவைப்படுகிறவர்களில் முதல் ஆள் வார இறுதியில் போகிற நான் இல்லை, தினமும் அந்தச் சரிவில் நிற்கிற அவர்தான். கொழுந்தின் எடையைக் கிலோ கணக்கில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் அவர் காலின் அளவை ஒருநாளும் கேட்டதில்லை. பெண்களின் மலையேற்றத்தைப் பற்றிப் பேசும் நாம் இதைப் பேசாமல் போனால் நம் பேச்சும் வார இறுதிப் பேச்சுதான்.

இந்த ஷூவையும் சட்டையையும் யார் தைக்கிறார்கள்? வியர்வை காயும் மேல்சட்டைகள் திருப்பூரில் தைக்கப்பட்டு ஏற்றுமதியாகின்றன. உலகக் கடைகளில் விற்கும் ஷூக்கள் ஆம்பூரிலும் செய்யாறிலும் ஒட்டித் தைக்கப்படுகின்றன. அந்த வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். நம் அக்காமார் தைக்கிற ஷூ கடல் தாண்டிப் போய், நம் கடைக்கு இரண்டு தட்டாகத் திரும்பி வருகிறது. 'நம்ம பெண்களின் காலுக்கு அச்சு இல்லை மேடம்' என்று இனி யாராவது சொன்னால், அச்சில் கை வைத்து வேலை செய்கிறவர்களே இங்கேதான் இருக்கிறார்கள் என்று பதில் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அவர்கள் தண்ணீர் குடிக்காமல் கழிப்பறையைத் தள்ளிப்போடுகிற கதையும் நம் மலைக்கதையும் ஒன்றுதான். மறைவிடம் கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஏறி, பதினொரு மணிக்குத் தலைசுற்றி உட்கார்ந்த பெண்களை எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! நீளமான குர்தா அங்கே உண்மையிலேயே உதவும், உட்கார்ந்தால் அதுவே திரை. குழுத் தலைவரிடம் கூச்சமில்லாமல், 'எல்லாரும் பத்து நிமிஷம் முன்னால நடங்க' என்று சொல்லுங்கள். பட்டியலில் 'கண்ணியமான உடை' எழுதத் தெரிந்தவருக்கு இந்த இடைவெளியையும் எழுதத் தெரிய வேண்டும்.

கிடைக்காததற்காகக் காத்திருக்காமல் தாங்களே செய்துகொண்ட பெண்களும் உண்டு. 1975இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண் ஜுன்கோ தாபே. அவருடைய குழு முழுக்கப் பெண்கள். பணம் திரட்டப் போன இடத்தில், போய்ப் பிள்ளையை வளருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கார் இருக்கை உறைகளை வெட்டித் தண்ணீர் புகாத கையுறையும் பையும் தைத்தார்கள். வாத்து இறகு வாங்கித் தாங்களே தூக்கப்பை செய்தார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. உச்சிக்குப் போகிறவளை உட்கார்ந்து கையுறையும் தைக்க வைத்தது யார்?

கல்லூரி மாணவிகள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: 'அக்கா, கையில ரெண்டாயிரம்தான் இருக்கு, எதை முதல்ல வாங்கறது?' ஷூவை. பையை வாடகைக்கு எடுக்கலாம், மழைக்கோட்டைச் சித்தப்பாவிடம் கேட்கலாம், கால் அச்சைக் கடன் வாங்க முடியாது. நம் மலைகளில் ஒரு நாள் ஏற்றத்துக்குக் கணுக்கால் உயரக் கனத்த பூட்ஸ்கூடத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அடியில் ஆழமான பற்களுள்ள, தண்ணீர் உள்ளே போனாலும் வடிந்துவிடுகிற வலைத்துணி ஷூ ஓடை தாண்டும் பாதைக்கு இன்னும் நல்லது. பெரிய பாரத்தோடு பல நாள் நடக்கவும் பனிக்கும்தான் பூட்ஸ். சாயங்காலம் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகிற அதே தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. பெண்கள் தட்டில் அகலம் போதவில்லையென்றால் ஆண்கள் சுவருக்குப் போய்ச் சிறிய அளவைக் கேளுங்கள், விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லையென்றால் படிக்கட்டில் இறங்குங்கள். விரல் முன்னால் இடித்தால் அடுத்த ஜோடி. அரை மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாங்கியதை இரண்டு வாரம் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் போட்டு நடந்து பழக்குங்கள், மெட்டி இருந்தால் கழற்றிவிட்டு.